கடல்கட்டியின் பேரப்பிள்ளைகள்



நம் கடற்கரையில் மந்திரம் சொல்லும் வேலைக்கு ஒரு காலத்தில் கூலி கொடுத்திருக்கிறார்கள். முத்துக் குளிப்பு நடக்கும் நாட்களில் சுறாக்களின் வாயைக் கட்டுவதற்கென்றே ஒருவர் கரைக்கு வருவார். கடல்கட்டி என்று அவருக்குப் பெயர். தோணிகள் புறப்படும் முன் அவர் தம் சடங்கைச் செய்தாக வேண்டும். அது நடக்காமல் சுழியோடிகள் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ இதை விவரமாகவே எழுதியிருக்கிறார். எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசருக்கு. இருபதில் ஒரு பங்கு மீன்களைக் கட்டி வைப்பவர்களுக்கு. அவர் சொல்லும் இன்னொரு செய்திதான் என்னை இழுத்துப் பிடித்தது. அந்தக் கட்டு பகலுக்கு மட்டும்தான் செல்லும். பொழுது சாய்ந்ததும் கட்டியவர்களே அதை அவிழ்த்துவிடுவார்கள். இரவில் சுறாக்கள் தம் இஷ்டத்துக்குத் திரியும். இருட்டில் திருட்டுத்தனமாக முத்தெடுக்க யாரும் இறங்காமல் இருக்க அதுவே காவல்.

ஐந்தரை நூற்றாண்டுகள் கழித்து, இலங்கையில் ஆங்கிலேய அரசின் உயர் அதிகாரியாக இருந்த எமர்சன் டென்னன்ட், மன்னாருக்குத் தெற்கே அரிப்பில் முத்துக் குளிக்கும் இடத்தைப் பார்க்கப் போனார். 1859-இல் வெளிவந்த தம் இலங்கை நூலில் அதைச் சொல்கிறார். கடல்கட்டிப் பதவி அப்போதும் இருந்தது. பரம்பரையாக ஒரே குடும்பத்தில் இருந்தது. குடும்பத்தின் மூத்தவர் அந்தக் காலத்தில் கத்தோலிக்கராக இருந்தார். அதனால் மந்திரத்தின் பலம் குறைந்துவிட்டதாக யாரும் நினைக்கவில்லை. டென்னன்ட் போன சமயம் பெரியவருக்கு உடம்பு சரியில்லை. தமக்குப் பதிலாக ஓர் ஆளை அனுப்பியிருந்தார். வந்தவர் ஒளிவுமறைவில்லாமல் பேசினார்: அந்தப் பெரிய ரகசியம் எனக்குத் தெரியாது. ஆனால் நான் யாருடைய ஆளாக வந்திருக்கிறேன் என்பது சுறாக்களுக்குத் தெரியும். அவை மரியாதை கொடுக்கும்.

இதைப் படித்த கணத்திலிருந்து அந்தப் பதில் ஆள் என் மனதில் சின்னப் பிள்ளையாகிவிட்டான். பன்னிரண்டு வயது. தாத்தாவுக்குக் காய்ச்சல். மந்திரம் அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கரையில் அத்தனை தோணிகளும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. இறங்கப்போகிறவர்களில் அவன் சித்தப்பாவும் ஒருவர். அவன் வாயைத் திறந்து என்ன சொல்லுவான்? இப்படித் தொடங்கும் ஒரு தமிழ் நாவலுக்காக ஏங்குகிறேன். அந்த ஏக்கத்தில்தான் இந்த இதழ் முழுவதையும் இளையோர் மாயக் கதைகளுக்கு, அதிலும் நாம் நடமாடும் இடங்களில் நடக்கும் மாயக் கதைகளுக்கு ஒதுக்கியிருக்கிறோம்.

இந்த இதழுக்கான பேச்சு முத்தையாபுரத்தில் தொடங்கியது. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் தெற்கே வந்தால் நகரம் முடியப்போகிறது என்று நினைக்கும் இடத்தில் வரும் ஊர். சுற்றிலும் உப்பளம், அருகிலேயே ஸ்பிக் உரத் தொழிற்சாலை, துறைமுகத்துக்கு ஓயாமல் போய்வரும் கனரக வண்டிகள். அங்கே ஏழாவது, எட்டாவது படிக்கும் நம் இளம் வாசகர்கள் சிலரோடு பேசிக்கொண்டிருந்தபோது, உங்களுக்குப் பிடித்த மாயக் கதை எங்கே நடக்கிறது என்று கேட்டேன். இமயமலை, அரண்மனை, நடுக்காடு, லண்டன் ரயில் நிலையம் என்று பதில்கள் வந்தன. முத்தையாபுரத்தில் நடந்தால் எப்படி இருக்கும் என்றேன். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு பெண் எழுந்து, "இங்க எங்க ஸார் நடக்கும்? உப்பளமும் லாரியுந்தான இருக்கு" என்றாள்.

அந்தப் பதில் எனக்கு வலித்தது. அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் படித்த புத்தகங்கள் எதிலும் அவள் தெரு வரவில்லை. வராத இடத்தில் எதுவும் நடக்காது என்று அவள் முடிவு கட்டியது நியாயம்தான். குறை நம் பக்கம், எழுதுகிறவர்கள், பதிப்பிக்கிறவர்கள் பக்கம்.

உலகம் முழுக்கவே இந்தக் குறை ஒரு காலத்தில் இருந்தது. ஐரோப்பாவின் தேவதைக் கதைகளும் முன்னொரு காலத்தில், பெயர் தெரியாத ராஜ்ஜியத்தில் நடந்தவைதான். இங்கிலாந்தில் எடித் நெஸ்பிட் 1902-இல் வெளியிட்ட 'ஐந்து குழந்தைகளும் அதுவும்' நாவல் அந்த வழக்கத்தை வலுவாக உடைத்தது. அதில் வரும் மாயப் பிராணி கோட்டையில் இல்லை. கென்ட் வட்டாரத்தில், பிள்ளைகள் விளையாடும் சரளை மண் பள்ளத்தில் புதைந்து கிடக்கிறது. நீட்டி மடக்கும் கண்கள், வௌவால் காது, எடுத்ததற்கெல்லாம் கோபம். நாளுக்கு ஒரு வரம் கொடுக்கும். சூரியன் மறைந்தால் அன்றைய வரமும் மறைந்துவிடும்.

மார்க்கோ போலோ எழுதிய கட்டை நினைத்துப் பாருங்கள். ஆறு நூற்றாண்டு இடைவெளியில், மன்னார் வளைகுடாவிலும் கென்ட்டின் மண் பள்ளத்திலும் மாயத்துக்கு ஒரே கெடு, பொழுது சாயும் நேரம். இந்த ஒற்றுமையை நான் வெறும் தற்செயல் என்று தள்ளிவிட மாட்டேன். அன்றாட வாழ்க்கைக்குள் வரும் மாயம் அந்த வாழ்க்கையின் நேரத்துக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கிறது. அரண்மனைக் கதையில் இளவரசன் ஏழு கடல் தாண்டி ஏழு வருடம் கழித்துத் திரும்பலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்த் தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பிள்ளைக்கு அது நடக்காது. அவள் மாயத்தில் சிக்கியிருக்கும்போதும் அடுப்பில் உலை கொதிக்கிறது, அம்மா வேலை முடிந்து வந்துகொண்டிருக்கிறாள். இந்த இரண்டு இழுப்புக்கும் நடுவே பிள்ளை படும் பாடுதான் இவ்வகை நாவலின் உயிர். நெஸ்பிட்டைத் தம் ஆசான் என்று கொண்டாடிய அமெரிக்கர் எட்வர்ட் ஈகர் 1954-இல் எழுதிய நாவலில் ஒரு நாணயம் வருகிறது. கேட்டதில் சரியாகப் பாதியைத்தான் அது தரும். தெரியாமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் நன்றாயிருக்குமே என்று நினைக்கும் அம்மா, பாதி வழியில் நடுச்சாலையில் நிற்கிறாள். கணக்குப் பாடமே சாகசமாகிவிடுகிறது.

நம்மிடம் இது இல்லையா என்றால், இருக்கிறது. பிள்ளைகளின் அலமாரியில்தான் குறைவாக இருக்கிறது. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை நினைத்துக்கொள்ளுங்கள். 1943-இல் வந்தது. பரமசிவன் சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் சந்திக்கும் மூலையில் தோன்றுகிறார். ஹோட்டலில் காப்பி குடிக்கிறார். கந்தசாமிப் பிள்ளையின் வீட்டுக்கு வந்து அவர் குழந்தையோடு விளையாடுகிறார். அந்தக் கதையைப் பெரியவர்கள் கேலிக்கதை என்று படிக்கிறோம். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் அதைக் கொடுத்துப் பாருங்கள். கடவுள் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்தால் அவருக்கும் எவ்வளவு திண்டாட்டம் என்பது அவளுக்குச் சட்டென்று பிடிபடும். தெருவின் பெயர் சரியாக இருந்தால் கடவுள் வருவதையும் நம்பலாம் என்று புதுமைப்பித்தன் காட்டிக்கொடுத்தார். திருநெல்வேலிக்காரரின் அந்த வித்தையை இளையோருக்கு எழுதுகிறவர்கள் நெடுங்காலம் எடுத்துக்கொள்ளவில்லை.

சினிமா எடுத்துக்கொண்டது. 1967-இல் வந்த 'பட்டணத்தில் பூதம்' ஊரே பார்த்த படம். ஜாவர் சீதாராமன் பூதமாக வந்து பட்டணத்தைக் கலக்கியதை இன்றைக்கும் தொலைக்காட்சியில் பிள்ளைகள் விழுந்து விழுந்து பார்க்கிறார்கள். ஆங்கிலேயர் எஃப். ஆன்ஸ்டி 1900-இல் எழுதிய ஜாடிப் பூத நாவல்தான் அதன் வேர். ஆனாலும் நம் நடிகர்கள் கையில் அந்தப் பூதம் நம்முடையதாகவே ஆகிவிட்டது.

பத்திரிகைகள் வேறு திசையில் போயின. 1947-இல் தொடங்கிய அம்புலிமாமா மூன்று தலைமுறைக்கு மாயத்தைக் கொண்டு சேர்த்தது. ஓவியர் சங்கரின் கையில் உருவான விக்கிரமாதித்தனையும் தோளில் தொங்கும் வேதாளத்தையும் மறந்தவர்கள் யாரும் இருக்க முடியாது. அதற்கு நான் பட்ட கடன் பெரிது. வாண்டுமாமாவுக்குப் பட்ட கடன் அதைவிடப் பெரிது. கோகுலத்திலும் பூந்தளிரிலும் அவர் எழுதியும் தொகுத்தும் கொடுத்தவை இல்லாவிட்டால் நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டேன். அந்த உலகங்கள் பெரும்பாலும் தூரத்து ராஜ்ஜியங்கள். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி லண்டன்காரர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுக்க மறைந்து கை மட்டும் தெரியும் என்ற ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டு அந்தத் தொடர் நம் தென்மாவட்டப் பிள்ளைகளை ஆட்டிவைத்தது. பெரிய மாயத்தைவிட ஓட்டையுள்ள மாயமே பிள்ளைகளை அதிகம் கவர்கிறது என்பதை அங்கே கற்றேன்.

கடந்த சில ஆண்டுகளில் காற்று திரும்பியிருக்கிறது. அதைச் சொல்லும்போது எனக்குள் உண்மையான மகிழ்ச்சி பொங்குகிறது. சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருதுப் பட்டியலையே பாருங்கள். 2020-இல் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. பள்ளிக்கூடத்துச் சிறுமி ஒருத்தியிடம் மரப்பாச்சி பேசுகிறது. எந்தப் பெரியவரிடமும் சொல்ல முடியாத ஒரு தொடுதலைப் பற்றி அவள் அதனிடம் பேச முடிகிறது. 2023-இல் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. கீழடிக்கு விடுமுறைக்குப் போகும் சிறுவன் மண்ணிலிருந்து கிடைக்கும் ஒரு பொம்மையின் வழியே ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழைய காலத்துக்குள் போகிறான். 2025-இல் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'. மூன்றிலும் மாயம் வந்து இறங்குவது சாதாரணப் பிள்ளைகளின் வாழ்க்கைக்குள்.

உதயசங்கரைப் பற்றி இரண்டு வரி கூடுதலாகச் சொல்ல அனுமதியுங்கள். அவர் தூத்துக்குடி மாவட்டத்துக்காரர், கோவில்பட்டி. ரயில்வேயில் நிலைய அதிகாரியாக வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்கு எழுதிக் குவித்தவர், மலையாளத்திலிருந்து மொழிபெயர்த்தவர். 'ஆதனின் பொம்மை' ஏன் வெற்றி பெற்றது என்று யோசித்தால், கீழடி அப்போது செய்தித்தாளில் தினமும் வந்த ஊர். பிள்ளைகள் பள்ளிப் பேருந்தில் போய்ப் பார்த்த அகழாய்வுக் குழிகள். கண்ணால் பார்த்த பானை ஓட்டை யார் கையில் பிடித்திருந்தார்கள் என்ற கேள்வி அவர்களுக்குள் முன்பே இருந்தது. அவர் அதற்கு உடம்பும் பெயரும் கொடுத்தார். கீழடிக்குக் கிடைத்தது ஆதிச்சநல்லூருக்கும் சிவகளைக்கும் கொற்கைக்கும் கிடைக்கட்டும். மூன்றும் இதே மாவட்டத்தில் இருக்கின்றன. கொற்கை ஒரு காலத்தில் துறைமுகம். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண் கடலைத் தள்ளிவிட்டது. இன்று அது வயல் நடுவே நிற்கும் சிற்றூர். கடல் எழுந்து போய்விட்ட ஊரில் ஒரு நாள் இரவு கடல் தன் பழைய வீட்டைப் பார்க்க வந்தால் என்ன நடக்கும்?

முத்தையாபுரத்துப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். இங்கே எங்கே நடக்கும்? அவளுக்குத் தெரிந்த இடங்களையே அவளுக்கு ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன்.

உப்பளத்தில் உப்பு முற்ற முற்றப் பாத்தித் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். அந்த உப்புத் தண்ணீரைத் தேடிப் பூநாரைகள் வந்து இறங்கும். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க விடியற்காலை இருட்டிலேயே பெண்கள் பாத்திக்கு வந்துவிடுவார்கள். கையிலும் காலிலும் உப்பு அறுத்த புண் ஆறுவதற்குள் அடுத்த நாள் வந்துவிடும். இரவில் காற்றாலை இறக்கைகளை ஏற்றிய நீளமான வண்டிகள் துறைமுகத்தைப் பார்த்து ஊர்ந்து போகும். வளைவில் திருப்ப முடியாமல் நின்று நின்று போகும் அந்த இறக்கை, தெருவிளக்கில் ஏதோ பெரும்பறவை உதிர்த்த ஒற்றைச் சிறகாகவே தோன்றும். பழைய துறைமுகத்திலிருந்து தோணிகள் இன்றும் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகின்றன. துறைமுகத்தின் பக்கத்தில் முயல் தீவு. அங்கிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் கடலில் வரிசையாக 21 தீவுகள் என்று பாடப்புத்தகம் சொல்லும். அவற்றில் தூத்துக்குடியை ஒட்டிய விலாங்குச்சல்லித் தீவு இப்போது தண்ணீருக்குள் போய்விட்டது. காரைச்சல்லி சுருங்கிக்கொண்டிருக்கிறது. சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளை வருடக்கணக்கில் வெட்டியெடுத்ததும் அலை அரிப்பும் சேர்ந்து செய்த வேலை. வான் தீவைக் காப்பாற்ற அதைச் சுற்றிக் கடலடியில் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். மூழ்கிய தீவில் யார் வசிக்கிறார்கள் என்று யாராவது கேட்க வேண்டாமா?

முத்தும் இருக்கிறது. தூத்துக்குடிக் கடலில் முத்துப் பார்களில் கடைசிச் சலாபம், அதாவது முத்துக் குளிப்பு, 1961-இல் நடந்தது. அதற்குப் பிறகு முத்துக் குளிப்பு இல்லை; சங்கு குளிப்பு இருக்கிறது. சலாபம் நின்று பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1973-இல், தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் சிப்பிக்குள் சிறு மணியை வைத்து முத்து வளர்த்துக் காட்டினார்கள். சிப்பி தன் உடம்புக்குள் வந்த அந்நியப் பொருளைத் தன் சுரப்பால் அடுக்கடுக்காக மூடுகிறது, நமக்கு முத்து கிடைக்கிறது. 1961-இல் கடைசிச் சலாபத்துக்கு இறங்கிய இளைஞர் ஒருவர் இன்றைக்கு எண்பது வயதைத் தாண்டிய தாத்தாவாக இந்தத் தெருக்களில் ஒன்றில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கக்கூடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு குளிகல்லோடு அடிக்குப் போனபோது என்ன கண்டார் என்று பேரப்பிள்ளைகள் கேட்டிருப்பார்களா? இந்த இதழைப் படித்து முடித்ததும் கேளுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

பெற்றோர் சிலர் என்னிடம் கவலையோடு கேட்பதுண்டு: மாயக் கதை படித்தால் பிள்ளைக்கு மூடநம்பிக்கை வந்துவிடாதா? மதிக்க வேண்டிய கேள்வி இது. தாயத்தையும் மந்திரத்தையும் காட்டிக் காசு பறிப்பவர்கள் இன்றும் இருக்கிற நாட்டில் இந்தப் பயம் சாதாரணமானது. எனக்குத் தெரிந்த பதில் இது: மூடநம்பிக்கை கேள்வி கேட்காதே என்று சொல்லும். நல்ல மாயக் கதை ஒவ்வொரு பக்கத்திலும் கேள்வி கேட்க வைக்கும். நாணயம் பாதிதான் கொடுக்குமென்றால் இரண்டு மடங்கு கேட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போடும் பிள்ளை, ஊரில் யாராவது வந்து நான் சொன்னால் நோய் போய்விடும் என்றால், எத்தனை மணி வரைக்கும், எதற்கெல்லாம், தவறினால் என்ன ஆகும் என்று கேட்டே தீருவாள். கடல்கட்டியையும் அப்படித்தான் பார்க்கச் சொல்வேன். ஆபத்தான தொழிலுக்கு இறங்கிய மனிதர்களுக்குத் தைரியம் தேவைப்பட்டது. அந்தத் தைரியத்துக்கு ஒரு விலை இருந்தது, அதைத் தர ஓர் ஆளும் இருந்தார். அது எப்படி வேலை செய்தது என்று ஒரு பிள்ளை யோசிக்கத் தொடங்கினால் வரலாறு, தொழில், பயம், அதிகாரம் எல்லாமே அந்த யோசனைக்குள் வந்துவிடும். மாயக் கதையால் மதிப்பெண் கூடுமா என்ற கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை மாம்பழத்திடம் யாரும் கேட்பதில்லை.

எனக்கு வேறொரு கவலை இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கான புத்தகங்கள் இப்போது பரவாயில்லை. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக வந்த சிறு புத்தகங்களை அரசுப் பள்ளிப் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு வாசிப்பதைக் கண்ணாரப் பார்த்திருக்கிறேன். ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களும் வகுப்பறைக்கே வருகின்றன. அதற்கு அடுத்த படியில்தான் பள்ளம். பத்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் நடுவே, இருநூறு பக்கம், நாலைந்து நாள் ராத்திரி விழித்துப் படிக்கும் தமிழ் நாவல்கள் போதவில்லை. எஸ். ராமகிருஷ்ணனின் 'ஏழு தலை நகரம்', ஜெயமோகனின் 'பனிமனிதன்' என்று நல்லவை இருக்கின்றன. விரல்களை மடக்கத் தொடங்கினால் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. சின்னப் புத்தகத்தை முடித்த பிள்ளை நேரே 'பொன்னியின் செல்வ'னுக்குத் தாவ வேண்டியிருக்கிறது. முடிந்தவர்கள் தாவுகிறார்கள், முடியாதவர்கள் கைப்பேசிக்குப் போகிறார்கள். ஹாரி பாட்டர் தமிழில் வந்திருக்கிறது, வாங்கிக் கொடுங்கள், தயக்கமே வேண்டாம். லண்டன் நடைமேடையின் சுவருக்குள் நுழையத் தெரிந்த பிள்ளைக்கு மணியாச்சி சந்திப்பிலும் ஒரு சுவர் வேண்டுமே என்பதுதான் என் வாதம்.

எழுதும் ஆசையுள்ள இளம் வாசகர்களுக்கு, இத்தனை ஆண்டு கையெழுத்துப் பிரதிகளைப் படித்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன். உங்களுக்கு மிக நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: பஸ் ஸ்டாப், தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை, பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடம். அங்கே ஒன்றே ஒன்று மாறட்டும். மற்றதெல்லாம் உள்ளபடியே இருக்கட்டும், ரேஷன் கடை வரிசை உட்பட. மாயத்துக்கு ஒரு விதி வையுங்கள், அந்த விதியைக் கதை முடியும்வரை நீங்களே மீறாதீர்கள். அங்கே வேலை செய்கிறவர்களின் வேலையைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். உப்பளத்தில் மாயம் நடக்கிறது என்றால் உப்பு எப்போது வாருகிறார்கள், மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அம்மாவின் கால் புண்ணை ஒரே மந்திரத்தில் ஆற்றிவிடுகிற கதையை எழுத உங்களுக்குத் தோன்றும். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆற்றுங்கள். ஆனால் பொழுது சாய்ந்த பிறகு அந்தப் புண் என்ன ஆனது, மறுநாள் அம்மா வேலைக்குப் போனாளா, பக்கத்துப் பாத்தியில் நிற்கும் அத்தையின் காலை ஏன் ஆற்றவில்லை என்பதையும் எழுதுங்கள். அங்கேதான் உங்கள் கதை நிமிர்ந்து நிற்கும்.

பேச்சு உங்கள் வீட்டுப் பேச்சாகவே இருக்கட்டும். "ஏல, எங்கல போற?" என்று அண்ணன் கூப்பிடுவதை "தம்பி, எங்கே செல்கிறாய்?" என்று மாற்றி எழுதி அனுப்பாதீர்கள். திருத்தும் வேலையில் அதை மீண்டும் உங்கள் ஊருக்குக் கொண்டுவர எங்களால் முடியாது. பேய், பூதம், ஜின், முனி, கன்னிமார், கடல்கன்னி யார் வேண்டுமானாலும் வரலாம். உங்கள் தெருவில் மாதா கோயில் இருக்கலாம், பள்ளிவாசல் இருக்கலாம், சுடலைமாடன் கோயில் இருக்கலாம். எல்லா வீட்டுக் கதைகளும் எங்களுக்கு வேண்டும். யாரையும் புண்படுத்துவதற்காக ஒரு பூதத்தை வேலைக்கு வைத்த கதை மட்டும் வேண்டாம்.

பெரியவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளை எழுதியதை நீங்கள் திருத்தி, நல்ல தமிழாக்கி, நீதி சேர்த்து அனுப்புகிறீர்கள். எங்களுக்கு அது தெரிந்துவிடுகிறது. பிரதியை அவள் கையாலேயே தபால் பெட்டியில் போட விடுங்கள். வரும் இதழிலிருந்து வாசகர் நாவல் ஒன்றைத் தொடராக வெளியிட இடம் ஒதுக்கியிருக்கிறோம். பத்து முதல் பதினாறு வயது வரை யாரும் எழுதலாம், இரண்டு பேர் சேர்ந்தும் எழுதலாம். முதல் மூன்று அத்தியாயங்களும் மாயத்தின் விதி என்ன என்று தனித்தாளில் நாலு வரியும் போதும். நோட்டுத் தாளில் பேனாவால் எழுதி அனுப்பினால் மகிழ்ச்சி. தட்டச்சுக்காக யாரையும் தேடி அலைய வேண்டாம். உறையின் மேல் ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் தெளிவாக எழுதுங்கள். படம் வரைந்திருந்தால் மடிக்காமல் அட்டை வைத்து அனுப்புங்கள். தேர்வாகாத பிரதிகளுக்கும் நானே கைப்பட பதில் எழுதுவேன்.

அன்புடன்,
ஆசிரியர்